பெட்டியைக் கடைசியாக வாங்குங்கள்: வீட்டுக்கு ஒரு மியூசிக் சேர்வர்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமா ஒருநாள் இரவு போன் எடுத்தார்.

"தம்பி, மியூசிக் சேர்வர் ஒண்டு வாங்கப் போறன். எந்த மேக் நல்லது?"

"உங்களிட்ட எத்தினை சீடி இருக்கு மாமா?"

"ஆர் எண்ணினது? ரெண்டு அலுமாரி நிறைய."

"அதில எத்தினை ஒரிஜினல்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீர் என்ன, சுங்கத்தில வேலை செய்யிற ஆள் மாதிரிக் கேக்கிறீர்" என்றார்.

அதற்கு முதல்நாள் கடையொன்றில் அவரிடம் 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டி ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள். சீடி எத்தனை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பிறகு நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போய்ச் செய்து கொடுத்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதே வரிசையில் போனால் காசும் மிஞ்சும், தலையிடியும் குறையும்.

சேர்வர் என்பது என்ன, என்ன இல்லை

வீட்டு ஹைஃபையில் ஐந்து வேலைகள் நடக்கின்றன. பாட்டுக் கோப்புகளைச் சேமித்து, பட்டியல் போட்டு, கேட்டதை எடுத்து அனுப்புவது சேர்வர். அதை வாங்கி வாசிப்பது ஸ்ட்ரீமர். இலக்கங்களை மின்னலையாக மாற்றுவது டாக். அதைப் பெருக்குவது அம்ப்ளிபயர். கடைசியில் காற்றை அசைப்பது ஸ்பீக்கர். சில பெட்டிகளில் இரண்டு மூன்று வேலைகள் ஒன்றாக இருக்கும். கடைக்காரர் "சேர்வர்" என்று காட்டுவது பல நேரம் ஸ்ட்ரீமராகத்தான் இருக்கும். எனவே எதைக் காட்டினாலும் இந்த ஐந்தில் எது எது உள்ளே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சேர்வர் ஒரு நூலகர் மாதிரி. புத்தகத்தை எடுத்துத் தருவது அவர் வேலை; கதையை அவர் எழுதவில்லை. வலையமைப்பு வழியாகக் கோப்பு வரும்போது ஏதாவது துண்டு தவறினால் அது திரும்பக் கேட்டு வாங்கப்படும். வந்தால் முழுதாக வரும். வலையமைப்பு சரியில்லையென்றால் பாட்டு நின்று நின்று வரும். "இந்த சேர்வரில் வயலின் இனிமையாகக் கேட்கும்" என்று யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். விலையுயர்ந்த லான் வயருக்கும் இதே பதில்தான். ஒலியை மாற்றுவது ஸ்பீக்கரும், அது இருக்கும் அறையும், அதற்கு அடுத்ததாக அம்ப்ளிபயரும் டாக்கும்தான். 

பிறகு எதற்குத் தனியாக ஒரு சேர்வர்? எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பதற்காக. மடிக்கணினி தூங்கிவிடும், போனில் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், வீட்டில் வேறொருவர் கணினியை எடுத்துக்கொண்டு போனால் அன்றைக்குப் பாட்டே இல்லை.

இன்னொன்று. உங்களிடம் சொந்தமாகக் கோப்புகளோ சீடிகளோ இல்லை, எல்லாம் ஸ்பொட்டிஃபை அல்லது ஆப்பிள் மியூசிக் என்றால் உங்களுக்கு சேர்வர் தேவையில்லை. ஒரு நல்ல ஸ்ட்ரீமர் போதும். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்பே பாட்டுச் சேர்த்தவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

படி 1: எண்ணுங்கள்

ஒரு சீடியில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 10.5 மெகாபைட். ஒரு மணித்தியாலத்துக்கு 635. அதை ஃப்ளாக் வடிவத்தில் சுருக்கினால், தரம் துளியும் குறையாமல், 350 முதல் 400 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு டெராபைட்டில் இப்படி 2,500 சீடி வைக்கலாம். சீடியைவிட நுணுக்கமான 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் பதிவுகள் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேலே போகும். அவை உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று மனச்சாட்சியோடு சொல்லுங்கள்.

மாமாவின் அலுமாரிகளைத் தரையில் கொட்டி எண்ணினோம். 640 தட்டு. அதில் 410 ஒரிஜினல். மிச்சமெல்லாம் 2000களில் எல்லாரும் வாங்கிய "150 பாடல்கள்" வகை எம்பி3 தட்டு. ஒரிஜினலுக்கு 164 ஜிகாபைட், எம்பி3 தட்டு ஒன்றுக்கு அதிகபட்சம் 700 மெகாபைட் வீதம் 161. எல்லாம் சேர்த்து 325 ஜிகாபைட். 8 டெராபைட்டில் அவருடைய பேரப்பிள்ளைகளின் கலியாண வீடியோ வரை வைத்திருக்கலாம்.

எம்பி3 தட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றை ஃப்ளாக்காக மாற்றினால் தரம் கூடாது, அளவுதான் கூடும். தண்ணீர் விட்ட பாலைச் செம்பிலிருந்து பித்தளைக்கு மாற்றுகிற வேலை. ஒலியைப் படமாக வரைந்து காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்பைப் போட்டுப் பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3 என்றால் 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியது போலப் படம் முடிந்துவிடும். "ஃப்ளாக்" என்று பெயர் போட்டு நண்பர்கள் தரும் கோப்புகளையும் இப்படிச் சோதிக்கலாம். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம், அவர்களுக்கும் வேறொருவர் தந்ததுதான்.

படி 2: தட்டிலிருந்து கோப்புக்கு

இந்தப் படியைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள், பிறகு இரண்டு வருடம் திட்டிக்கொண்டு திரிகிறார்கள். சேர்வர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போடுகிற கோப்பும் அதன் பெயரும் சரியில்லையென்றால் பாட்டு இருக்கும், ஆனால் கிடைக்காது.

சீடியை விண்டோஸ் கணினியில் எக்ஸாக்ட் ஒடியோ கொப்பி என்ற இலவச மென்பொருளாலோ, காசு கொடுத்து வாங்கும் டிபிபவர்ஆம்ப்பாலோ எடுங்கள். ஆப்பிள் மேக் கணினி என்றால் எக்ஸ்எல்டி. இவை அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவோடு ஒப்பிட்டு, அதே தட்டை உலகில் மற்றவர்கள் எடுத்தபோதும் இதே முடிவுதானா என்று சொல்லும். ஆனால் நம்முடைய தமிழ்த் தட்டுகள் பலவற்றை அங்கே முதன்முதலாகக் கொடுப்பவர் நீங்களாகவே இருப்பீர்கள். அப்போது ஒரே தட்டை இரண்டு தரம் வாசித்து இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள். கீறல் விழாத தட்டுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். மாமா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்குப் பத்துத் தட்டு என்று நாற்பத்தொரு இரவில் முடித்தார். நான் எதிர்பார்க்கவில்லை.

பெயரிடல் பெரிய விசயம். வெள்ளைக்காரப் பாட்டுக்காரனுக்கு ஒரு கலைஞர், ஒரு இசைத்தட்டு, பன்னிரண்டு பாட்டு. மென்பொருள்களும் அந்தக் கணக்கில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. நமது திரைப்பட இசைத்தட்டில் ஆறு பாட்டுக்கு ஆறு பாடகர் இருப்பார்கள். "கலைஞர்" என்ற இடத்தில் பாடகரை மட்டும் போட்டுவிட்டால், ஒரே படம் பட்டியலில் ஆறு துண்டாகச் சிதறிக் கிடக்கும். இதற்கு மருந்து "இசைத்தட்டுக் கலைஞர்" (Album Artist) என்று தனியாக இருக்கும் கட்டம். அதில் ஆறு பாட்டுக்கும் இசையமைப்பாளரின் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். பாடகர் "கலைஞர்" கட்டத்தில், இசையமைப்பாளர் "இயற்றியவர்" கட்டத்திலும் இருக்கட்டும். படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு கட்டாயம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு படம் வருவது நமக்குப் புதிதல்ல.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. இளையராஜாவை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். சேர்வருக்கு அவர்கள் மூன்று நான்கு வெவ்வேறு ஆட்கள். ஒன்றைத் தெரிந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். நான் பாட்டையும் படத்தையும் தமிழில் எழுதி, கலைஞர் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன். இணைய இசைச் சேவைகள் கலைஞர் பெயரைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தருவதால் இரண்டும் ஒரே பெயரின் கீழ் வந்து சேரும். எல்லாவற்றையும் தமிழில் வைக்க விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பாதி அப்படியும் பாதி இப்படியும் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு பிரச்சினை பாமினி. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் இன்று போன் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். கோப்பு பழுதாகவில்லை. இன்றைய போன்களும் கணினிகளும் வாசிக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன. மாற்றி, எம்பி3டேக் என்ற மென்பொருளில் மொத்தமாக ஒட்டலாம். மிகப் பழைய எம்பி3 கோப்புகளில் பெயருக்கு முப்பது எழுத்துத்தான் இடம், யுனிகோடும் இல்லை. அந்தப் பழைய பெயர்ப்பகுதியை அதே மென்பொருளாலேயே அழித்துவிட்டுப் புதிய வகையில் எழுதுங்கள்.

கர்நாடக இசைக்காரர்களுக்கு இன்னும் ஒரு தேவை இருக்கும். கல்யாணியில் என்னென்ன இருக்கிறது என்று ராகத்தைக் கொண்டு தேட வேண்டும். எம்பி3டேக்கில் "ராகம்" என்று புதிய கட்டம் ஒன்றை நீங்களே உண்டாக்கலாம். அதை சேர்வர் மென்பொருள் பட்டியலில் காட்டுமா என்பதுதான் கேள்வி. அடுத்த படியில் அதற்குப் பதில் வருகிறது.

கசெற்றுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மாமாவிடம் இலங்கை வானொலியிலிருந்து பதிந்த கசெற் ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தது. கொழும்பு வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். இந்த ஊரில் பாட்டுக் கேட்கும் பழக்கமே அதிலிருந்து வந்ததுதான். முதலில் நாடாவில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா பாருங்கள். பிடித்ததை அப்படியே போட்டால் பிளேயரின் தலையும் கெடும், அடுத்த கசெற்றும் கெடும். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி, உச்சஒலி தெளியும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பதியுங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தாராளம், ஒடாசிற்றி மென்பொருள் போதும். பாட்டுக்கு நடுவே வரும் அறிவிப்பாளரின் குரலை வெட்டி எறியாதீர்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும், அந்தக் குரல் உங்கள் கசெற்றில் மட்டும்தான் இருக்கும்.

படி 3: மென்பொருள்

பெட்டிக்கு முன் இது. ஒவ்வொரு நாளும் நீங்கள் தொடப்போவது பெட்டியை அல்ல, போனில் இருக்கும் பட்டியலைத்தான்.

லிரியன் மியூசிக் சேர்வர் இலவசம். இதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பெனி ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற பிளேயரைச் செய்தது. 2006இல் லொஜிடெக் அதை வாங்கியது, 2012இல் அந்தப் பிளேயர்களைச் செய்வதையே நிறுத்தியது. ஆனால் சேர்வர் மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்துத் திருத்தலாம் என்பதால் பாவனையாளர்களே அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 2024இல் பெயர் மட்டும் மாறியது. பழைய ஸ்குவீஸ்பொக்ஸ் இன்றும் அதோடு பாடுகிறது. கம்பெனி கைவிட்ட பிறகும் உயிரோடு இருக்கும் மென்பொருள் என்பதே எனக்கு அதில் பிடித்தது. முகப்பு அழகாக இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

ரூன் அழகு. கலைஞர் வரலாறு, யார் யாரோடு வாசித்தார், எல்லாம் வலைபோல விரியும். 2015இல் வந்தது, 2023இல் ஹார்மன் என்ற ஒலிக்கருவிக் கம்பெனி வாங்கிவிட்டது. காசு கொடுக்க வேண்டும், மாதச் சந்தாவாகவோ ஒரேயடியாகவோ. இணையக் கணக்கோடு கட்டிய மென்பொருள் என்பதையும் மனதில் வையுங்கள். என் அனுபவத்தில் ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் கேட்பவர்களுக்கு அது கொடுத்த காசுக்கு ஈடு செய்யும். தமிழ் இசைத்தட்டுகளில் நிறைய அதற்கு அடையாளம் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் நீங்கள் எழுதிய பெயர்தான் காட்டும். அப்படியானால் அந்த வலைக்கு ஏன் காசு?

மினிம்சேர்வர் ராகக்காரர்களுக்கு. எந்தக் கட்டத்தைப் பட்டியலாகக் காட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம், "ராகம்" உட்பட. டிஎல்என்ஏ என்ற பொது முறையைப் புரிந்துகொள்ளும் எந்த ஸ்ட்ரீமரோடும் பேசும். 

வொலூமியோ சேர்வரையும் பிளேயரையும் ஒரே சின்னக் கணினியில் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு. நவிட்ரோம், பிளெக்ஸ் போன்றவை வெளியில் பஸ்ஸில் போகும்போதும் வீட்டுப் பாட்டைப் போனில் கேட்க நல்லவை.

இவற்றில் எதைப் பிடித்தாலும் ஒரு சோதனை செய்யாமல் விடாதீர்கள். ஆலாபனை, தானம், பல்லவி மூன்று கோப்பாக வெட்டப்பட்ட கச்சேரி ஒன்றைப் போடுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது சின்ன இடைவெளி விழுந்தால், சேர்வரோ ஸ்ட்ரீமரோ அடுத்த கோப்பை முன்கூட்டியே வாங்கி வைக்கவில்லை என்று அர்த்தம். சினிமாப் பாட்டில் இது தெரியாது. தம்பூரா ஒலிக்கும் இடத்தில் அரை விநாடி வெட்டு விழுந்தால் எழும்பிப் போகத் தோன்றும்.

சோனோஸ் ஸ்பீக்கர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அது உள்ளூர்ச் சேமிப்பில் 65,000 பாட்டுக்கு மேல் பட்டியலிடாது, 24 பிட் 48 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வாசிக்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 4: எங்கே வைப்பது, எப்படிக் காப்பது

வெளிநாட்டு வழிகாட்டிகள் கொழும்பை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. இங்கே சேர்வரின் முதல் எதிரி கரண்ட்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுக்க இருண்டது. இப்போது நிலைமை பரவாயில்லை, ஆனால் ஒரு விநாடி போய் வரும் கரண்ட்தான் நீண்ட வெட்டைவிட ஆபத்து. சேர்வர் தன் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் அந்தப் பட்டியல் சிதையும். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிகளில் மெமரி கார்ட்டே செத்துப்போகும். 

ஆகவே யூபிஎஸ் ஒன்று கட்டாயம். 650 விஏ அளவு போதும். அது மின்னழுத்தத்தையும் சீர் செய்யும் வகையாக இருக்கட்டும். சேர்வரையும் ரவுட்டரையும் அதில் மாட்டுங்கள், அம்ப்ளிபயரை மாட்டாதீர்கள். வெட்டு நேரம் முழுக்கப் பாட்டுக் கேட்பது நோக்கமில்லை. ஒழுங்காக அணைந்து போவதுதான் நோக்கம். யூஎஸ்பி வயரால் சேர்வரோடு இணைத்தால் பற்றரி இறங்கும்போது அதுவே சேர்வரை அணைக்கச் சொல்லும். நம் வெக்கையில் அந்தப் பற்றரிகள் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், அதையும் செலவில் சேருங்கள்.

மாசி கழிந்து சித்திரை வரையும், பிறகு ஐப்பசியிலும் பின்னேர இடி. ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் பாதி தப்பினார்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. பழைய செம்புத் தொலைபேசி வயர் வைத்திருந்தால் மின்னல் ரவுட்டருக்குள் வந்து, லான் வயர் வழியாக சேர்வரையும் ஸ்ட்ரீமரையும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகும். இடி கேட்டால் சுவரில் இருக்கும் பிளக்கை மட்டுமல்ல, தொலைபேசி வயரையும் கழற்றுங்கள்.

வெக்கை. காற்றாடி இல்லாத பெட்டிகள் சத்தமில்லாதவை, ஆனால் தங்கள் உடம்பாலேயே சூட்டை வெளியேற்ற வேண்டும். அவற்றைக் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் சத்தமும் இருக்கும். சேர்வரைப் பாட்டுக் கேட்கும் அறையில் வைக்கவே தேவையில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில், சாப்பாட்டு அறை மூலையில் இருக்கட்டும். பாட்டு அறையில் ஸ்ட்ரீமர் மட்டும் போதும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் என் வீட்டில் உப்புக்காற்று ஆறு மாதத்தில் மலிவான பிளக்குகளைப் பச்சையாக்கிவிடும். வருடத்துக்கு இரண்டு தரம் கழற்றித் துடைத்துப் போடுகிறேன். எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலைத்துணி ஒட்டலாம், மூடிவிடக் கூடாது.

வலையமைப்பு. 24 பிட் 192 கிலோஹேர்ட்ஸ் பதிவுகூட விநாடிக்கு 9.2 மெகாபிட்தான். சாதாரண லான் வயர் அதைத் தூக்கத்திலேயே செய்யும். வைஃபைதான் சிக்கல். தொடர்மாடியில் போனைத் திறந்தால் அயலவர்களின் வைஃபை முப்பது தெரியும், 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாத தடங்கள் மூன்றே மூன்று. முடிந்தால் வயர் இழுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸில் போடுங்கள், ஆனால் அது கொங்கிரீட் சுவரைத் தாண்டச் சிரமப்படும். குறைந்தது சேர்வரையாவது வயரில் வையுங்கள். அப்போது காற்றில் போகும் பயணம் ஒன்றுதான்.

படி 5: இப்போது பெட்டி

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி. எல்லாரும் இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். உள்ளேயே பற்றரி இருப்பதால் யூபிஎஸ் கூடவே வருகிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, லிரியன் போட்டு, மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்துவிட்டால் வேலை முடிந்தது. எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் பற்றரி ஊதக்கூடும்; சார்ஜை 60 அல்லது 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், மாதத்துக்கு ஒருக்கா அடிப்பக்கம் வீங்கியிருக்கிறதா தடவிப் பாருங்கள். மேசைக் கணினியை இதற்குப் பாவிக்க வேண்டாம். 40 வாட் எடுக்கும் கணினி மாதம் 29 அலகு சாப்பிடும். 5 வாட் ராஸ்பெரி பை எடுப்பது 3.6. நமது கரண்ட் பில்லில் அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இரண்டாவது, ராஸ்பெரி பை அல்லது சின்னக் கணினி. ராஸ்பெரி பை 4, ஒரு டெராபைட் எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத டிஸ்க்), உறுதியான மின்வழங்கி: லிரியனுக்கும் மினிம்சேர்வருக்கும் தாராளம். 5ஆவது மாதிரி இந்த வேலைக்கு அவசியமில்லை. ரூன் போடுவதாக இருந்தால் பை போதாது. இன்டெல் கோர் ஐ3 தரத்துக்குக் குறையாத சின்னக் கணினி வேண்டும், ரூனின் பட்டியலை எஸ்எஸ்டியில் வைக்க வேண்டும். இன்டெல் 2023இல் நக் சின்னக் கணினிகளை நிறுத்தி அசூஸிடம் கொடுத்தது. பழைய நக் நல்ல விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினால் இவையெல்லாம் பார்க்கலாம். வயர், அடாப்டர் போன்ற சில்லறைச் சாமானுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு.

மூன்றாவது, ஆயத்தப் பெட்டி. இன்னுவோஸ், ஒரெண்டர், மெல்கோ, புளூசவுண்ட் வோல்ட், நைம் யூனிட்டி கோர். இவற்றில் சிலவற்றுக்குச் சீடியை உள்ளே தள்ளினால் தானே எடுத்து, தானே பெயரிட்டு, தட்டை வெளியே துப்பும். கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாத, காசு இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தானே இடும் பெயர் தமிழ்த் தட்டுக்கு வெறுமையாகவோ தப்பாகவோ வரலாம். வாங்கும் முன் நான்கு கேள்வி: டிஸ்க் செத்தால் நானே மாற்றலாமா? என் பாட்டுகளைச் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்கலாமா? இணையம் இல்லாத நாளில் பாடுமா? பழுதானால் இங்கேயே திருத்துவீர்களா, சிங்கப்பூருக்கு அனுப்புவீர்களா? நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது கடைக்காரரின் முகத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து வரவழைத்தால் சுங்கத் தீர்வையோடு 18 வீத வற் வரியும் சேரும்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவருவதாக இருந்தால் அடாப்டரின் பின்பக்கம் எழுதியிருப்பதை வாசியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் பயமில்லை. எனக்கு அக்காவின் மகன் டொரன்டோவிலிருந்து ஒரு லீனியர் மின்வழங்கி கொண்டுவந்தான். பாரமாக, அழகாக இருந்தது. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டது என்பதை நான் வாசித்தது, எங்கள் 230இல் மாட்டி மணம் வந்த பிறகு.

எந்த வழியென்றாலும் பாட்டு அறையில் ஒரு ஸ்ட்ரீமர் வேண்டும். இன்னொரு ராஸ்பெரி பையில் டாக் பலகை ஒன்றைச் செருகலாம், அல்லது வீம் ப்ரோ போன்ற சின்னப் பெட்டி வாங்கலாம். மிச்சக் காசு ஸ்பீக்கருக்கு.

படி 6: இரண்டாவது பிரதி

இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று கண்ணாடிபோலப் பிரதி செய்யும் பெட்டிகளை "பேக்கப் உள்ளது" என்று விற்பார்கள். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் ஒரே விநாடியில் அழியும். மின்னல் வந்தால் இரண்டும் போகும். அதற்குப் பெயர் பேக்கப் இல்லை. தனியாக ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி வையுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் கீழ்மாடியில் இருந்தவர்களுக்கு அலுமாரி உயரமும் போதவில்லை. ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் 1981இல் யாழ். நூலகத்தோடு போனது தெரிந்த நாங்கள், நாற்பத்தொரு இரவு வேலையை ஒரே டிஸ்க்கில் நம்பி வைக்கக் கூடாது. மாமாவின் இரண்டாவது பிரதி என் வீட்டு மேசை லாச்சிக்குள் இருக்கிறது, என்னுடையது அவருடைய அலுமாரியில்.

படி 7: கையளித்தல்

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் ரவுட்டரையும் சேர்வரையும் சுவரிலேயே அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். யாரும் எதையும் தொடாமல் எத்தனை நிமிடத்தில் பாட்டு வருகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றாலோ, நீங்கள் போய் ஒரு பொத்தானை அமத்த வேண்டியிருந்தாலோ இன்னும் வேலை இருக்கிறது. ரவுட்டரில் சேர்வருக்கு நிலையான முகவரி கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

பிறகு போனை வீட்டில் மிகக் குறைவாகக் கணினி தெரிந்தவரிடம் கொடுங்கள். கொட்டாஞ்சேனையில் அது மாமி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் தப்பான இடத்தில் தட்டி, மூன்றாம் தரம் சூலமங்கலம் சகோதரிகளைக் கண்டுபிடித்தார். அவருக்காக முதற்பக்கத்தில் ஐந்து பொத்தான் போட்டுக் கொடுத்தேன்: பக்தி, பழைய பாட்டு, நாதஸ்வரம், தென்றல் வானொலி, நிறுத்து.

"நிறுத்து எண்டதைக் கொஞ்சம் பெரிசாப் போடும் தம்பி" என்றார். "இவர் ராவிராவாய்ப் போட்டுக்கொண்டு இருக்கிறார்."

பெரிதாக்கிக் கொடுத்தேன்.